ஏரியும் மலையும் கோட்டையும் உள்ள கற்பனை நாட்டுக்கு எந்த வரைபட மென்பொருள் பொருத்தம்?

கேள்வி: மலைக்கோடி (வேலூர்)

வணக்கம். சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் கூடி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டு கற்பனைக் கதை ஆட்டம் ஆடும் குழு எங்களுடையது. வேலைக்காக வெளியூர் சென்றுவிட்ட இருவர் மட்டும் இணையவழியாகச் சேர்ந்துகொள்கிறார்கள். அடுத்து வரும் நெடுங்கதைக்கு நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை அமைத்து ஆட்டத்தை நடத்துபவன்.

கதை நடக்கும் நாட்டுக்குச் செம்பாறை நாடு என்று பெயர் வைத்திருக்கிறேன். வட ஆற்காட்டின் நிலத்தை மனத்தில் வைத்தே அதை அமைத்து வருகிறேன். நடுவே மணலாய்க் கிடக்கும் ஓர் ஆறு, அதன் இரு பக்கமும் ஏரிகள், தெற்கே ஜவ்வாது மலையைப் போன்ற காட்டுமலை, சமவெளியில் அகழி சூழ்ந்த ஒரு கற்கோட்டை ஆகியவை அதில் உண்டு. ஆற்றில் வர வேண்டிய நீரை மேலே எங்கோ யாரோ மறிக்கிறார்கள். அது யார், எதற்காக என்பதைத் தேடிப் போவதுதான் கதை. ஆகவே இந்தக் கதைக்கு வரைபடம் வெறும் அலங்காரம் அன்று. ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்தே எந்த வழியில் போவது, எந்த ஊரில் தங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் மென்பொருள்களைத் திறந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதைத் தொட்டாலும் பனி மூடிய சிகரமும் ஊசியிலைக் காடும் ஓட்டுக் கூரை போட்ட ஐரோப்பியக் கோபுரமுமே வந்து நிற்கின்றன. பனைமரமும் ஏரிக்கரையும் மொட்டைப் பாறைக் குன்றும் அவற்றில் இல்லை. ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதினால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன.

என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது, தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. எந்த மென்பொருளை எதற்குப் பயன்படுத்துவது, தமிழ்ப் பெயர்களை எப்படிச் சரியாக எழுதுவது, வேலூர்க் கோட்டையைப் போன்ற ஒரு கோட்டையை முழுவதுமாகச் சண்டை வரைபடமாக வரைந்துவிட முடியுமா என்பவை என் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: அறுகோணன் (ராணிப்பேட்டை)

நல்ல கதைக்களம். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். நாடு முழுவதையும் காட்டும் வரைபடம் வேறு, ஓர் ஊரின் வரைபடம் வேறு, கதவுக்குக் கதவு சண்டை நடக்கும் கட்டம் போட்ட வரைபடம் வேறு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கருவி கைகொடுக்கிறது.

நாட்டு வரைபடத்துக்கு அஸ்கார் உருவாக்கிய ஃபேண்டஸி மேப் ஜெனரேட்டரில் தொடங்கலாம். அது இலவசம், திறந்தமூலம். உலாவியிலேயே இயங்குவதால் நிறுவ வேண்டிய தேவையில்லை. நிலத்தின் உயரம், மழை, காற்றின் திசை ஆகியவற்றைக் கணக்கிட்டு ஆறுகள் எங்கே ஓடும் என்பதை அதுவே தீர்மானிக்கும். நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க அது பயன்படுத்தும் புள்ளிகளில், உங்கள் கணினிக்கு இயல்பாக இருக்கும் 10,000 புள்ளிகளே போதும். அதைப் பல மடங்கு கூட்டினால் உலாவி திணறும். வேலை செய்த கோப்பை ‘மேப்’ கோப்பாக உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலாவியின் சேமிப்பை மட்டும் நம்பினால், அதைத் துடைக்கும் அன்று நாடும் சேர்ந்து போய்விடும்.

உங்கள் நாடு வட ஆற்காட்டின் சாயலில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற நுணுக்கத்தில், ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் கொண்ட துண்டுகளாக அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வேலூரும் ஆற்காடும் 12 வடக்கு, 79 கிழக்குத் துண்டில் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரிக்கு 78 கிழக்குத் துண்டையும் எடுக்க வேண்டும். இவற்றை, நில வரைபடத் தரவைக் கையாளும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் இணைத்துச் சாம்பல்நிறப் படமாக மாற்றுங்கள். அஸ்கார் கருவியின் உயரத் திருத்தியில் படத்தை நிலமாக மாற்றும் வசதி இருக்கிறது. அதில் இந்தப் படத்தைக் கொடுத்தால் பாலாற்றுப் பள்ளத்தாக்கே உங்கள் கற்பனை நாட்டின் எலும்புக்கூடாக அமைந்துவிடும். அதைத் திருப்பியோ, கிழக்கு மேற்கை மாற்றியோ, மலையை உயர்த்தியோ உங்கள் நாடாக்கிக்கொள்ளலாம்.

நிலம் அமைந்த பிறகு, கண்ணுக்கு அழகான படம் வேண்டுமென்றால் வொண்டர்டிராஃப்ட் என் தேர்வு. ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இன்கார்னேட் உலாவியில் இயங்குவது. இலவசக் கணக்கிலேயே நிறையச் செய்யலாம், முழு வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். 1993 முதல் இருந்துவரும் கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர் கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கேட் மென்பொருளின் முறையில் அமைந்தது. அதில் கைபழகியவர்கள் அற்புதங்கள் செய்கிறார்கள் என்றாலும், கதை தொடங்கும் நாள் நெருங்கிவிட்ட நிலையில் அதைக் கற்கத் தொடங்குமாறு நான் சொல்ல மாட்டேன்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாள் பயணம் 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் என்பதால், காலையில் புறப்பட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடுவார்கள். வரைபடத்தின் மேல் போடும் அறுகோணக் கட்டங்களில், ஆறு மைலுக்கு ஓர் அறுகோணம் என்ற வழக்கமான அளவை எடுத்துக்கொண்டால், வாணியம்பாடியிலிருந்து காவேரிப்பாக்கம் வரையிலான நிலம் நேர்க்கோட்டில் பத்துப் பன்னிரண்டு அறுகோணங்களுக்குள் அடங்கிவிடும். கண்டம் கண்டமாக வரைய வேண்டிய தேவையே இல்லை. மாதக்கணக்கில் ஆடும் கதைக்கு இந்தப் பரப்பு தாராளம்.

பதில்: ஏரிக்கரை (காவேரிப்பாக்கம்)

தம்பி, நான் இந்த ஆட்டம் ஆடியவன் அல்லன். என் பேரன் ஆடுகிறான், அவன்தான் உங்கள் கேள்வியைக் காட்டினான். பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேரனின் கணினியில் அந்தக் கருவி ஆறுகளை வரைவதைப் பார்த்தேன். மலையில் பிறந்து, கிளைகள் சேர்ந்து, கடலை நோக்கி ஓடும் அந்தக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் நிலத்தில் ஊரை உண்டாக்கியது ஆற்றைவிட ஏரிதான். ஏரியோ தானாகத் தோன்றுவதன்று. மனிதன் கரை கட்டி உண்டாக்குவது. ஆகையால் எந்தக் கருவியும் அதைத் தானே வரையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

அதன் வடிவத்தில் கவனம் வேண்டும். மென்பொருளில் இருக்கும் குளம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்து உருண்டையாக இருக்கிறது. நம் ஏரிக்கு ஒரு பக்கம் மட்டும் சீரான பிறைவடிவக் கரை. அந்தப் பக்கம் எப்போதும் தாழ்வான திசையில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் கரையே கிடையாது. நிலத்தின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப நீர் விரல் விரலாக உள்ளே புகுந்து நிற்கும். வரத்துக் கால்வாய் அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேரும். கரையில் மதகுகளும், ஓர் ஓரத்தில் உபரி நீர் வழியும் கலிங்கலும் இருக்கும். கரைக்குக் கீழே ஆயக்கட்டுக் கழனிகள். கலிங்கலில் வழிந்த நீர் வீணாகாமல் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலியாக ஏரிகளை வைத்தீர்களானால், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை உயரக் கோடு எதுவும் இல்லாமலே உங்கள் ஆட்டக்காரர்கள் படித்துக்கொள்வார்கள். உங்கள் கதைக்கு இதைவிட நல்ல துப்பு என்ன வேண்டும்? மேல் ஏரி நிரம்பியிருக்க, கீழ் ஏரிக்கு நீர் வரவில்லை என்றால், தேட வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில்தான்.

எங்கள் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த கோயிலின் கல்வெட்டே, அது மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. பாலாற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாய் பிரிந்து இந்த ஏரிகளுக்கு நீர் வருகிறது. ஆகவே உங்கள் நாட்டில் அரசன் ஒருவன் ஏரியைக் கட்டிக் கரையிலேயே கோயிலும் எடுத்தான் என்று வைத்தால், அது இந்த மண்ணில் நடந்ததுதான்.

பாலாற்றை நீலக் கோடாக இழுத்துவிடாதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அது பல நூறு மீட்டர் அகலத்துக்கு மணல். நீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. ஊற்றுக்கால் வெட்டி அதை எடுத்துப் பயிர் செய்தவர்கள் நம் முன்னோர். புள்ளியிட்ட அகலமான பட்டையாக ஆற்றை வரைந்து, அதன் நடுவே விட்டுவிட்டு ஒரு மெல்லிய நீர்க்கோடு போடுங்கள். அந்த ஆற்றைக் கடக்கப் பாலமும் படகும் தேவையில்லை என்பதையும், வெள்ளம் வரும் காலத்தில் கடக்கவே முடியாது என்பதையும் உங்கள் விதிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோடி

ஐயா, மிக்க நன்றி. ஏரியின் சீரான பக்கம் தாழ்வான திசையில்தான் இருக்கும் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே போகிறேன். வரைபடத்தில் அதையே துப்பாக வைக்கலாம் என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் தோன்றியது. அணைக்கட்டிலிருந்து கால்வாய் பிரியும் இடத்தையே கதையின் நடுப்புள்ளியாக மாற்றிவிட்டேன்.

அறுகோணன் அவர்களே, உயரத் தரவை இறக்கி இணைத்துவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது. இனித் தமிழ் எழுத்தும் கோட்டையும்தான் பாக்கி.

பதில்: அச்சுக்கோவை (குடியாத்தம்)

டிடிபி வேலை செய்பவன் என்ற முறையில் எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கொம்பு இடம் மாறி விழுவதற்கு உங்கள் எழுத்துரு காரணம் அன்று. யூனிகோடில் ‘கொ’ என்று தட்டினால், ககரத்தை நடுவில் நிறுத்திக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக்கோவை இயந்திரம் என்ற நிரலின் வேலை. அந்த இயந்திரம் இல்லாத மென்பொருளில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் இதே கதிதான். விளையாட்டு உருவாக்கும் கோடோ என்ற தளத்தின் மூன்றாம் வரிசையில் அது கிடையாது; 2023-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில்தான் வந்தது. அந்தப் பழைய வரிசையின் மேல் கட்டிய வரைபட மென்பொருள்களில் தமிழ் உடைவதற்கு இதுவே காரணம். எதையும் விலை கொடுத்து வாங்கும் முன் ‘கொற்றவை’, ‘மௌனம்’, ‘ஸ்ரீ’ என்ற மூன்றையும் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

என் பரிந்துரை, நிலத்தையும் மலையையும் எதில் வேண்டுமானாலும் வரையுங்கள். பெயர்களை மட்டும் அங்கே எழுதாமல் படமாக ஏற்றுமதி செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, மேலே தனி லேயரில் (படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கில்) எழுதுங்கள். அதில் தமிழ் ஒழுங்காக அமையும், ஆற்றின் வளைவோடு பெயரை வளைத்தும் எழுதலாம். படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளிலும் தமிழ் சரியாகவே வரும். எல்லாப் பெயரும் ஒரே லேயரில் இருந்தால் ஊரின் பெயரை மாற்றும்போது படத்தைத் தொட வேண்டியதில்லை. எப்படியும் வரைபட மென்பொருளுக்குள்ளேயே எழுதியாக வேண்டும் என்றால் நம் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்து, கால் தனி எழுத்து. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அவை அமைந்திருக்கும். ஆகையால் கோவை இயந்திரம் இல்லாத இடத்திலும் அவை உடைவதில்லை. யூனிகோடில் எழுதியதைப் பாமினிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

எழுத்துருவுக்கு கவிவனார் எடுத்துப் பாருங்கள். கையால் எழுதியது போன்ற சாய்வு அதில் இருப்பதால் பழைய ஓலைக்கும் துணிக்கும் பொருந்தும், உரிமமும் திறந்தது. சிறிய பெயர்களுக்கு நோட்டோ தமிழ் தெளிவாக இருக்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். வரைபட மென்பொருள்கள் பழைய காகிதம் போல் புள்ளியும் கறையும் கலந்த பின்னணியைத் தருகின்றன. அதன் மேல் தமிழை எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளி கறையோடு கறையாகக் கலந்துவிடும். ‘பட்டு’ என்பது ‘படடு’ என்று தெரியும். ஏரிக்கரை ஐயா சொன்னபடி ஆற்று மணலைப் புள்ளிகளால் நிரப்பினால் இது இன்னும் மோசமாகும். ஒவ்வொரு பெயருக்கும் காகித நிறத்திலேயே சற்றுத் தடித்த வெளிக்கோடு கொடுத்து, எழுத்தைச் சுற்றி வெறுமை உண்டாக்குங்கள். நம் ஊர்ப் பெயர்கள் நீளமானவை என்பதால் ஊரை வைக்கும்போதே பெயருக்கு வலப்பக்கம் இடம் ஒதுக்குவதும் நல்லது.

அச்சடிக்க ஃபிளெக்ஸ் கடைக்குப் போக வேண்டாம். கட்டட பிளான் அச்சடிக்கும் கடைகளில் பெரிய தாளில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவு குறைவு, கோடும் கூர்மையாக விழும். ஏ1 தாளில் ஓர் அங்குலக் கட்டம் 23-க்கு 33 வரை கொள்ளும். பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, தாளுக்கு ஏற்பச் சுருக்காமல் நூறு சதவீத அளவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கட்டம் அங்குலத்துக்குக் குறைந்து, அதன் மேல் நிறுத்தும் உங்கள் ஆட்டப் பொம்மைகள் பொருந்தாது.

பதில்: அறுகோணன் (ராணிப்பேட்டை)

கோட்டைக்கு வருகிறேன். வேலூர்க் கோட்டையின் பரப்பு சுமார் 133 ஏக்கர். சதுர அடியில் அது ஏறக்குறைய 58 லட்சம். சதுரமாக எண்ணினால் ஒரு பக்கம் 2,400 அடி. சண்டை வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி என்பது விதி. ஆக ஒரு பக்கத்துக்கு 480 கட்டங்கள் வேண்டும். கட்டத்துக்கு 100 பிக்சல் என்றால் 48,000 பிக்சல் அகலமுள்ள படம். உங்கள் மடிக்கணினி மட்டுமன்று, என் கணினியும் அதைத் தாங்காது. அப்படி வரைந்தாலும் ஆட்டத்தில் அதன் பெரும்பகுதியில் யாரும் கால் வைக்கப்போவதில்லை.

ஆகவே முழுக்கோட்டையை 50 அடிக்கு ஒரு கட்டமாக வரையுங்கள். 48 கட்டத்துக்குள் அகழி, இரட்டை மதில், கொத்தளங்கள், உள்ளே கோயில், அரண்மனை, வெற்றிடம் எல்லாம் அடங்கும். யார் எங்கே காவல் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் ஏறலாம் என்று ஆட்டக்காரர்கள் திட்டமிட அது போதும். பிறகு சண்டை நடக்கக்கூடிய இடங்களை மட்டும், அதாவது வாயிலையும் அகழியோரத்தையும் ஒரு கொத்தளத்தின் உச்சியையும், 5 அடிக் கட்டத்தில் தனித்தனியாக டன்ஜன்டிராஃப்ட் என்ற சண்டை வரைபட மென்பொருளில் வரையுங்கள். சுவர்களையும் விளக்குகளையும் சேர்த்தே ஏற்றுமதி செய்யும் வசதி அதில் இருப்பதால், வெளியூர் நண்பர்களுக்கு, இணையவழி ஆட்டத்துக்கான ஃபவுண்ட்ரி மென்பொருளில் அதை நிரலொட்டு (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) ஒன்றின் உதவியோடு ஏற்றினால், சுவருக்கு அப்பால் இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஃபவுண்ட்ரிக்கு நீங்கள் ஒருவர் மட்டும் உரிமம் வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவியில் சேரலாம். செலவே வேண்டாம் என்றால் அதே வேலைக்கு ரோல்20 என்ற இணையதளம் இருக்கிறது. அதில் கட்டத்துக்கு 70 பிக்சல் என்ற அளவில் படத்தைத் தயார் செய்யுங்கள்.

கோட்டையை மட்டும் வரைந்து நிறுத்திவிடாமல், கிழக்கே உள்ள மலைகளையும் அந்த 50 அடி வரைபடத்தின் ஓரத்தில் சேருங்கள். வேலூர்க் கோட்டையை 1677-இல் சூழத் தொடங்கிய மராட்டியர் முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீடித்து 1678-இல்தான் முடிந்தது. அந்தப் போரில் அம்மலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சமவெளிக் கோட்டைக்கு மேலே உயரம் ஒன்று இருந்தால், அதை யார் பிடிப்பது என்பதே ஒரு முழு மாலைக்கான ஆட்டம்.

குன்றுகளுக்கும் பனைக்கும் வரைபடத்தில் வைக்கும் முத்திரைப் படங்களை நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். மொட்டைமாடியிலிருந்து தெரியும் மலையைப் புகைப்படம் எடுத்து, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அதன் மேல் ஒரு லேயர் போட்டு, வெளிக்கோட்டையும் உருண்டைப் பாறைகளையும் கறுப்பில் வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். ஐந்தாறு வகைக் குன்று, மூன்று வகைப் பனை, ஒரு கோபுரம், ஒரு மண்டபம் இருந்தால் நாடு முழுவதும் நிரப்பலாம். நம் பக்கத்துக் குன்றுகள் கூராக முடிவதில்லை, பாறை மேல் பாறையாக அடுக்கிக் கிடப்பவை. அந்த ஒன்றை மாற்றினாலே படம் ஐரோப்பாவை விட்டு இங்கே வந்துவிடும்.

மலைக்கோடி

எல்லோருக்கும் நன்றி. பெயர்களை இங்க்ஸ்கேப்பில் எழுதிப் பார்த்தேன், ‘கொற்றவைக் கோட்டம்’ ஒழுங்காக அமைந்தது. கடைசியாக ஒன்று கேட்கிறேன்: நீர் மறிக்கப்படும் இடம் எனக்கு மட்டும் தெரிந்த வரைபடத்தில் இருக்க வேண்டும், ஆட்டக்காரர்களிடம் கொடுப்பதில் இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்வதா?

பதில்: அச்சுக்கோவை (குடியாத்தம்)

இரண்டு கோப்பு வேண்டாம். ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் விட்டுப்போகும். ஒரே இங்க்ஸ்கேப் கோப்பில் நிலம் ஒரு லேயர், எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் ஒரு லேயர், உங்களுக்கு மட்டும் உரியவை ஒரு லேயர் என்று பிரித்து, மூன்றாவதை மறைத்துவிட்டு ஆட்டக்காரர்களுக்கான படத்தை ஏற்றுமதி செய்யுங்கள். அனுப்பும்போது பிஎன்ஜி படமாக மட்டும் அனுப்புங்கள். எஸ்விஜி கோப்பாக அனுப்பினால் மறைத்த லேயரும் உள்ளேயே போகும், திறக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் நிச்சயம் திறந்து பார்த்துவிடுவார்.